ஐயோ சொல்லாத ஆஸ்பத்திரி

ஜாவாவின் வனசாரி மாவட்ட அரசு ஆஸ்பத்திரியின் அறுவை அரங்கில் கடந்த ஐந்தாண்டுகளாக ஒருவர்கூட 'ஐயோ' என்று சொன்னதில்லை. இதை நாமாகச் சொல்லவில்லை. நுழைவாயிலில் கட்டியிருக்கும் பேனர் சொல்கிறது. பேனரில் இயக்குநர் டாக்டர் ஹர்ஜுனோ, மெழுகுச்சாயப் பூப்போட்ட பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு, ஓர் ஊசியைப் பூங்கொத்துபோல் ஏந்திச் சிரிக்கிறார். ஊசி அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை என்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கவனிக்கலாம்.

விஷயம் மயக்க மருந்து பற்றியது. ஆளை முழுதாகத் தூங்கவைக்க ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்களே, அந்த வெள்ளை மருந்து பார்வைக்குப் பால். உள்ளே போகும்போது மிளகாய்ச் சாந்து. சிலருக்குப் புறங்கை எரியும், சிலருக்குத் தோள்பட்டை வரைக்கும் எரியும். அதற்குள் தூக்கம் வந்துவிடும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் மயக்க மருத்துவர்கள் இதற்குச் சுலபமான வழி கண்டு வைத்திருக்கிறார்கள். புறங்கையின் மெல்லிய குழாயை விட்டுவிட்டு முழங்கை மடிப்பின் பெரிய குழாயில் போட வேண்டும். அதற்கு முன்னால் கையைப் பட்டையால் இறுக்கி, கொஞ்சம் மரப்பு மருந்தை ஏற்றி, ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான். வனசாரியிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். அந்த முறையில் ஒரே ஒரு குறை இருந்தது. புகைப்படம் எடுக்க அதில் எதுவும் இல்லை.

ஆகவே 'பட்டு' திட்டம் பிறந்தது. நம் பக்கத்தில் ஒரு திட்டம் என்றால் முதலில் அதற்கு அழகான பெயர் வைப்பார்கள். பிறகு பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அர்த்தம் தேடுவார்கள். அப்புறம் சீருடை, அப்புறம் பாட்டு. கடைசியில் பொழுது மிச்சமிருந்தால் திட்டம். 'பட்டு' திட்டத்தின்படி, வெள்ளை மருந்து உள்ளே போகும்போது ஒரு நர்ஸ் நோயாளியின் முகத்துக்கு நேரே குனிந்து, பல் தெரியச் சிரித்து, "வலிக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும். பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் ஜாவாக்காரர்களின் பெருந்தன்மை ஆஸ்பத்திரிக்குக் கை கொடுத்தது. படித்த டாக்டர் ஒருத்தர் நமக்காக இவ்வளவு பாடுபடும்போது, அவர் முகத்துக்கு நேரே 'வலிக்குது' என்று சொன்னால் அவர் மனது என்ன பாடுபடும்? ஒரு பாத்திக் வியாபாரி, கட்டில் கம்பியை வளைத்துக்கொண்டே "இல்லைங்க, உங்களுக்குத்தான் சிரமம்" என்றார். ஓர் அம்மாள் போர்வையின் ஓரத்தைக் கடித்துக் கிழித்துவிட்டு, கிழிந்த போர்வைக்காக மன்னிப்புக் கேட்டார். முதல் வருடம் வலி பூஜ்யம். இரண்டாம் வருடம் வரவுசெலவுக் குழு கூடி, யாருக்கும் வலியே இல்லாதபோது வலியைக் குறைக்கும் மருந்து எதற்கு என்று கேட்டது. நியாயமான கேள்வி. மரப்பு மருந்தை நிறுத்தி, அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரிக்கென்று ஓர் அணிவகுப்புப் பாட்டுப் போட்டார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் வலி பூஜ்யமாகவே இருந்தது. அந்த மருந்துக்கு எந்தப் பயனும் இல்லை என்பது இவ்வாறாக அறிவியல்பூர்வமாக நிரூபணமானது.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் திகோர் வந்து சேர்ந்தார்.

திகோர் பஸ் நிலையத்துப் பக்கம் டயருக்கு ஒட்டுப்போடுகிறவர். சுமத்ராவில் தோபா ஏரிக்கரையைச் சேர்ந்த பாத்தாக் இனத்துக்காரர். இளவயதில் ஜாவாவுக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே தொப்பையும் வைத்துவிட்டார். ஆனால் தொண்டை மட்டும் இன்னும் ஏரிக்கரையிலேயே இருந்தது. அவர் ரகசியம் பேசினால் எதிர்ச்சாரி சோயா உருண்டைக்காரர் கருத்துச் சொல்வார். மனைவி வினார்த்தி இந்த ஊர்க்காரி. கோபம் ஏற ஏற அவள் குரல் தணிந்துகொண்டே போகும். அவள் பேசுவது சுத்தமாகக் கேட்கவில்லை என்றால் திகோர் அன்று கடையிலேயே படுத்துக்கொள்வார்.

சோலோ நகரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் கொழுப்பு மிதக்கும் பன்றிக்கறியை ஒரு கை பார்த்துவிட்டு வந்த திகோர், வலது விலாவுக்குக் கீழே யாரோ ஜாக்கி வைத்துத் தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று டயர் குவியல்மேல் சாய்ந்துவிட்டார். பித்தப்பையில் கல். ஏற்கெனவே ஒருமுறை வீங்கி அடங்கியிருக்கிறது. இன்னொரு தடவை வீங்கினால் சீழ் வைத்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். அதுவரைக்கும் கஞ்சியும் அவித்த சௌசௌவும்.

"சௌசௌ சாப்பிட்டு உசுரோட இருக்கிறதுக்கு, கல்லு பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் திகோர். ஆனால் அடுத்த தடவை ஜாக்கி ஏறியபோது தாமாகவே போய்ப் படுத்துவிட்டார்.

அரங்குக்குக் கூட்டிப்போகும் முன் வினார்த்தி அவர் காதருகே குனிந்தாள். கணவரை அவள் 'பாங்' என்றுதான் கூப்பிடுவாள்.

"பாங், ஒண்ணே ஒண்ணு கேளு. நர்ஸ் பொண்ணு 'வலிக்குதுங்களா'ன்னு கேக்கும். 'இல்லைங்க'ன்னு சொல்லிரு."

"வலிச்சா?"

"வலிச்சாலும்."

"வலிக்கலைன்னா?"

"அப்பவும் அதேதான்."

"அப்புறம் எதுக்குடி கேக்குறாங்க?"

"மரியாதைக்கு பாங். மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க."

"நான் மெதுவாத்தான் பேசுறேன்" என்றார் திகோர். பக்கத்து வார்டில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டது.

உள்ளே மயக்க மருத்துவர் கினாந்தி இருந்தார். சின்ன வயதுப் பெண்; ஊருக்குப் புதிது. திகோரின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முழங்கை மடிப்பில் நல்ல குழாய் இருக்கிறதே என்றார். புறங்கையில்தான் போட வேண்டும் டாக்டர், அங்கே போட்டால்தான் படத்தில் கை அழகாக விழும் என்று நர்ஸ் நினைவூட்டினாள். புறங்கையிலேயே போட்டார்கள். வெள்ளை மருந்து இறங்க ஆரம்பித்தது. நர்ஸ் குனிந்தாள், பல் தெரியச் சிரித்தாள், ஊர் மரியாதைப்படி 'பாக்', அதாவது ஐயா, போட்டுக் கேட்டாள்.

"வலிக்குதுங்களா, பாக்?"

திகோர் மனைவி சொன்னதை மறக்கவில்லை. 'இல்லைங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"பாஹ்! கையில தீய வெச்சுட்டீங்களேம்மா! வெல்டிங் போடுறீங்களா உள்ள?"

வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்களின் திருட்டு எச்சரிக்கை மணி அடித்தது. நர்ஸின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது; அதைக் கழற்றி வைப்பதற்கு அவளுக்குப் பயிற்சி தரப்படவில்லை. 'வலி உண்டு' என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. விதிமுறையைத் தேடினார்கள். அணிவகுப்புப் பாட்டின் வரிகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்களே, அதற்குப் பின்னால் இருந்தது. அதன்படி, வலி அறியப்பட்டால் மருந்தை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். இயக்குநர் நேரில் வந்து பார்க்கும்வரை எதையும் தொடரக் கூடாது.

"நிறுத்தினா முழிச்சுக்குவாரே! இன்னும் கொஞ்சம் போட்டா தூங்கிருவாரு, வலியும் போயிரும்" என்றார் கினாந்தி.

"விதி டாக்டர்" என்றாள் நர்ஸ், இன்னும் சிரித்தபடி.

இயக்குநர் அப்போது ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு மீன் தொட்டியைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். மாவட்ட அதிகாரியின் உரை இன்னும் முன்னுரையைத் தாண்டவில்லை. மருந்து கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. திகோர் இனிமையாக ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, வார்டில் கண் விழித்தார். உடம்பு லேசாக இருந்தது. உலகத்தின்மேல் அவருக்கு அன்பு சுரந்தது.

"முடிஞ்சுதா? வலியே தெரியலடி! சும்மா சொல்லக் கூடாது, கைகாரங்கதான். எங்க கல்லு? பாட்டில்ல போட்டுத் தருவாங்களாமே, காட்டு."

வினார்த்தி ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. திகோருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். வயிறு, வந்த அன்று இருந்தபடியே, முழுசாகத் தொப்புளோடு இருந்தது.

"கல்லு எங்கடி?"

"வெச்ச எடத்துலயேதான் இருக்கு" என்றாள் வினார்த்தி. இப்போது கேட்டது. கோபத்தைத் தாண்டி வருத்தத்துக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அன்று மதியமே இயக்குநர் பரிவாரத்தோடு வார்டுக்கு வந்தார். கூட்டம் என்றால் சிற்றுண்டிப் பெட்டி இல்லாமல் நடக்காது. இலையில் சுருட்டிய ஒட்டரிசிச் சோறு, கோழித்துண்டு வைத்துச் சுருட்டிப் பொரித்த ரிசோல், ஒரு பச்சை மிளகாய். வெறும் வயிற்றோடு கிடந்த திகோரின் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோரும் மென்றுகொண்டே அவரைக் கவலையோடு பார்த்தார்கள்.

டாக்டர் ஹர்ஜுனோ வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படுத்திருக்கும் ஒருவரிடம் பேசுவதற்குக்கூட அவருக்கு ஒலிவாங்கி வேண்டியிருந்தது.

"மதிப்புக்குரிய பாக் திகோர் அவர்களே. உங்களைக் குத்தம் சொல்ல நாங்க வரலை. இந்த ஆஸ்பத்திரி வலிக்கு எதிரி இல்லை. வலி பாட்டுக்கு வரட்டும், போகட்டும். அது இயற்கை. அதை வெளிய சொல்றாங்க பாருங்க, அதைத்தான் நாங்க அஞ்சு வருஷமா ஒழிச்சு வெச்சிருக்கோம். உங்க அடையாள அட்டையில பொறந்த ஊர் எது?"

"பாலிகே. ஏரிக்கரை."

"பாத்தீங்களா!" இயக்குநர் பரிவாரத்தின் பக்கம் திரும்பினார். "இது வெளி மாகாணத்து வலி. இங்க உண்டானதில்லை. வர்றப்பவே கொண்டுவந்திருக்காரு."

"கை இங்கதானே டாக்டர் இருக்கு?" என்றார் கினாந்தி, பின்வரிசையிலிருந்து.

"கை இங்க இருக்கும்மா. கத்துற பழக்கம் அங்க இருந்து வந்தது."

"பழக்கமா?" என்றார் திகோர். "உங்க கையில ஊத்திப் பாருங்க, பழக்கம் தானா வரும்."

ஒரு ரிசோல் யாருக்கோ தொண்டையில் சிக்கியது. வினார்த்தி தரையைப் பார்த்தாள். கினாந்தி எழுந்து நின்றார்.

"டாக்டர், ரெண்டு சின்னக் குப்பி மரப்பு மருந்து போதும். பெரிய ரத்தக்குழாயில போட்டுட்டு, அதுக்கு அப்புறம் வெள்ளை மருந்தைப் போட்டா இவருக்கு ஒண்ணும் தெரியாது. தையல் போடுறதுக்குன்னு அவசரப் பிரிவு அலமாரியில இருக்கு. கீழ் மாடிதான். நானே போய் எடுத்துட்டு வந்துருவேன்."

இயக்குநர் அவரைப் பரிவோடு பார்த்தார். புதுசு, பாவம் என்கிற பார்வை.

"டாக்டர் கினாந்தி, அது தையலுக்கு ஒதுக்கின மருந்து. கையில ஏத்தணும்னா கையில வலி இருக்குன்னு நாம ஒத்துக்கணும். குடை பிடிச்சுக்கிட்டு நடந்தா, மழை பெய்யுதுன்னு அர்த்தம். நாம மழையே இல்லைன்னு பேனர் போட்டிருக்கோம். நனைஞ்சுக்கிட்டு நடக்கிறதுதான் நிறுவன ஒழுக்கம்."

பரிவாரம் கைதட்டியது.

திகோரை வேறு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். ஆனால் ஜகார்த்தாவிலிருந்து தரச்சான்று ஆய்வாளர் வரப்போகிறார். அறுவைக்குப் பதிவான நோயாளிகளின் பெயர்களை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அதில் ஒருவரைத் தொடர்ந்து பார்ப்பேன் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்திருந்தார். விரல் திகோர்மேல் விழுந்திருந்தது. அவர் வரும்வரை திகோரை அறுக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. இதற்குள் திகோருக்குக் காய்ச்சல் கண்டது. கல் மறுபடி குடைய ஆரம்பித்துவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் குரல் உயர்ந்திருந்ததால், அதை ஒழுங்கீனமாகக் குறித்துக்கொண்டார்கள்.

எனவே நோயாளியைத் திருத்துவது என்று முடிவாயிற்று. கல்யாண மேடைகளில் உயர்தர ஜாவா மொழியில் வரவேற்புரை சொல்லும் ஓர் அம்மையாரை மென்குரல் பயிற்சிக்கு அமர்த்தினார்கள். அவர் கொண்டையில் மல்லிகையோடு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, திகோரின் புஜத்தைக் கிள்ளினார்.

"வலிக்குதுங்களா?"

"பாஹ்!"

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க பாக். மூச்சை உள்ள இழுங்க. காலையில மூங்கில் இலைமேல பனி விழுறதை நெனைச்சுக்கோங்க. 'இல்லைங்க.'"

கிள்ளினார். திகோர் மூங்கில் இலையை நினைத்தார். அதன்மேல் பனியையும் விழவைத்தார்.

"இல்லைங்க!" என்றார்.

கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. சொல் சரிதான், சத்தம்தான் இன்னும் ஏரிக்கரையைத் தாண்டவில்லை என்றார் அம்மையார். மறுபடி கிள்ளினார். சாயங்காலத்துக்குள் திகோரின் புஜம் நாவல் பழ நிறத்துக்கு வந்துவிட்டது. பயிற்சியை நிறைவு செய்ததாகச் சான்றிதழ் கொடுத்து, அதைக் காய்ச்சலோடு அவர் கையில் பிடிக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கையாக, அரங்கின் உள்ளே நர்ஸ்களின் பாட்டுக்குழு ஒன்றையும் நிறுத்துவதென்று ஏற்பாடு. நோயாளியின் வாய் திறந்ததும் அணிவகுப்புப் பாட்டைத் தொடங்கிவிட வேண்டும்.

"பாங், கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க மாட்டியா?" என்று கேட்டாள் வினார்த்தி. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்; சுட்டது. "எனக்காக."

"உனக்காக என்ன வேணா செய்வேன்டி. சௌசௌ சாப்பிடலையா? ஆனா இந்த வாய் என்னைக் கேட்டுத் திறக்கல. எங்கப்பா வாய் இது."

ஆய்வாளர் மெய்த்தா அம்மாள், ஊர் வழக்கில் இபு மெய்த்தா, வந்த அன்று, அரங்கில் நோயாளிக்கு இடம் போதவில்லை. ஒரு பக்கம் பேனர். ஒரு பக்கம் பாட்டுக்குழு, ஒரே நிறத் தலைமுக்காட்டில். புகைப்படக்காரர் ஏணிமேல். இயக்குநர், பச்சை அங்கிக்கு மேல் பாத்திக் சால்வை. கினாந்தி ஊசியோடு நின்றார். திகோர் நடுங்கியபடி நடுவில் கிடந்தார். நர்ஸ் பதற்றத்தில் முன்கூட்டியே குனிந்துவிட்டாள்.

"வலிக்குதுங்களா, பாக்?"

"இன்னும் குத்தவே இல்லையேம்மா."

இபு மெய்த்தா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். இயக்குநர் முந்திக்கொண்டார்.

"இபு, எங்க ஆஸ்பத்திரியில இந்த ஊசிக்கு வலி பூஜ்யம். அஞ்சு வருஷம். ஒரு கொசு கடிச்சா எவ்வளவு தெரியுமோ அவ்வளவுகூடக் கெடையாது. தென்றல் தடவுற மாதிரி இருக்கும்."

திகோர் தலையைத் தூக்கினார். காய்ச்சல் வேறு, வெறும் வயிறு வேறு, நாவல் பழப் புஜம் வேறு.

"அம்மா, ஜகார்த்தாவுலேர்ந்து வந்தவங்க நீங்கதானே? எனக்கு ஒரு சந்தேகம். தென்றல் மாதிரி இருக்கும்ங்கிறாரே, இவருக்கு யாராவது ஒருவாட்டி தடவிக் காட்டினாங்களா?"

பாட்டுக்குழுத் தலைவி, நோயாளி வாய் திறந்துவிட்டதே, தொடங்கலாமா என்று கண்ணால் கேட்டாள். இபு மெய்த்தா நிதானமாகத் தம் கோப்பைப் புரட்டினார்.

"தலைமை முன்மாதிரியா நடந்துக்கணும்னு ஓர் அத்தியாயம் இருக்கு, டாக்டர். அதுல உங்க ஆஸ்பத்திரிக்குப் படமே இல்லை. இது நல்லாத்தான் இருக்கும். துளியூண்டு போட்டா ஆபத்து ஒண்ணும் இல்லையே, டாக்டர் கினாந்தி?"

"கூடவே நின்னு மூச்சைப் பாத்துக்கிட்டா ஆபத்து இல்லைங்க" என்றார் கினாந்தி. அவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. ஊசியை மட்டும் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

டாக்டர் ஹர்ஜுனோ 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அவருக்கும் தெரியும். ஆனால் தலைநகரிலிருந்து வந்த ஓர் அம்மாள் பணிவாகக் கேட்கும்போது அவர் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது? அவரும் இந்த ஊர்க்காரர்தானே. "தாராளமா" என்றார். "எனக்குப் பெருமை" என்றார். பக்கத்தில் ஒரு கட்டிலை உருட்டிக்கொண்டுவர, அதில் படுத்தார். பேனரை அவர் தலைமாட்டுக்கு நகர்த்தினார்கள்.

"முழங்கையில போடட்டுமா, டாக்டர்? அங்க கொஞ்சம் கம்மியா இருக்கும்" என்றார் கினாந்தி.

"புறங்கை" என்றார் புகைப்படக்காரர் ஏணியிலிருந்து.

புறங்கையில் போட்டார்கள். நர்ஸ் குனிந்தாள்.

"வலிக்குதுங்களா, ஐயா?"

இயக்குநர் சிரித்தார். பேனரில் இருந்த அதே சிரிப்பு. "இல்லைங்..." என்று தொடங்கினார். அந்த 'ங்' முடியவில்லை. நீண்டது, மேலே ஏறியது, உடைந்தது. பாட்டுக்குழு அதைத் தங்களுக்கான சுருதி என்று எடுத்துக்கொண்டு அணிவகுப்புப் பாட்டை முழு வேகத்தில் தொடங்கியது.

"நிறுத்துங்கடி! கையை எடுடா! எரியுதுடா! ஐயோ, ஐயோ, எவன்டா இதைத் தென்றல்னு சொன்னது?"

பாட்டு நின்றது. இயக்குநர் இதுவரை தம் டிரைவரிடம்கூட 'நீங்க'தான் போட்டுப் பேசுவார். வெள்ளை மருந்து துளிதான் என்றாலும் தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் சொருகின, குரல் குழைந்தது, முகத்தில் ஒரு குழந்தைத்தனம் வந்தது.

"எனக்குத் தெரியும்டா... எல்லாருக்கும்தான் வலிக்கும். எனக்குக் குடல்வால் எடுத்தப்ப நான் இங்கயா படுத்தேன்? சிங்கப்பூர் போனேன்ல... அங்க கையைக் கட்டி, மரப்பு மருந்து போட்டு... ஒண்ணுமே தெரியலடா... சொகம்..."

புகைப்படக்காரர் படம் எடுக்க மறந்தார். ஐந்து வருடத்தில் அது முதல் தடவை.

திகோர் மட்டும் பக்கத்துக் கட்டிலிலிருந்து கையை நீட்டி, இயக்குநரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல பாக். கத்துங்க. நல்லாருக்கும்."

இபு மெய்த்தாவின் முகம் மலர்ந்திருந்தது.

"அருமை! உண்மையைச் சொல்லட்டுமா? வலி பூஜ்யம்னு எழுதினதைப் பாத்ததுமே உங்களுக்குத் தரச்சான்று கெடையாதுன்னுதான் நெனைச்சுக்கிட்டு வந்தேன். இப்ப விதி மாறிப்போச்சு. ஒரு குறை இருக்கணும், அதை ஆஸ்பத்திரியே கண்டுபிடிச்சிருக்கணும், அப்புறம் குறைச்சுக் காட்டணும். குறையே இல்லாத ஆஸ்பத்திரிக்கு நாங்க எதை வெச்சு மார்க் போடுறது? இப்ப குறை கெடைச்சுருச்சு. குறைச்சுக் காட்டுங்க."

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். ஓர் உத்தரவு வேண்டும். கினாந்தி குனிந்து அவர் காதில் கேட்டார்.

"டாக்டர், அவசரப் பிரிவு மரப்பு மருந்தை எடுத்துக்கலாங்களா?"

"எனக்கும் ரெண்டு கொண்டா" என்றார் இயக்குநர், கண்ணைத் திறக்காமல்.

ஆண்டுக்கணக்கில் மாடி ஏறாத மருந்து, பாட்டுக்குழுவிலிருந்து ஒரு பெண் ஓடிப்போய் ஓடிவந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. கினாந்தி திகோரின் முழங்கை மடிப்பில் புதிதாக ஊசி ஏற்றினார், மேலே பட்டை கட்டினார், மரப்பு மருந்தை ஏற்றினார், பொறுத்தார். திகோர் இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. காலை ஊன்றிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏரி முழுக்க ஒலிக்கிற ஒரு கத்தலை நெஞ்சில் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எப்பம்மா போடப்போறீங்க? சொல்லிட்டுப் போடுங்க."

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், பாக்."

"என்னது? பொய் சொல்லா..."

வாய் திறந்தபடியே தூங்கிவிட்டார். நிரப்பி வைத்திருந்த கத்தல் நீளமான ஒரு குறட்டையாக வெளியே வந்தது.

இந்தத் தடவை கண் விழித்தபோது வயிற்றில் நான்கு சின்னப் பிளாஸ்திரிகள் இருந்தன. வினார்த்தி பாட்டிலைக் குலுக்கிக் காட்டினாள். ஒரு கல் அல்ல, ஒரு குடும்பமே உள்ளே இருந்தது. சீழ் பிடிக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றாராம் அறுவை மருத்துவர். அவள் ரொம்ப நேரம் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

தையல் பிரிக்கத் திகோர் மறுபடி போனபோது நுழைவாயிலில் புதுப் பேனர். ஊசி வலியைக் கண்டறிந்து குறைப்பதில் மாகாணத்திலேயே முதலிடம். சிரிப்பு அதேதான், இயக்குநரின் கையில் ஊசிக்குப் பதில் மரப்பு மருந்துக் குப்பி. புதுத் திட்டத்துக்குப் பெயர் வைத்தாயிற்று, பாட்டு தயாராகிறது. முதல் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால், குறைக்கப்படுவதற்கு முன்னால் எல்லா நோயாளிக்கும் வலி இருந்தாக வேண்டும். இல்லாதவர்கள் ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று வார்டு வார்டாகச் சொல்லியிருந்தார்கள்.

அரங்கின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் பாக் தர்சோனோ படுத்திருந்தார். கினாந்தி பட்டையைக் கட்டி, மரப்பு மருந்தை ஏற்றி, இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். வெள்ளை மருந்து ஊசிக்குழலை விட்டுக் கிளம்பவே இல்லை. நர்ஸ் குனிந்தாள். வலிக்குதுங்களா என்று கேட்டாள்.

"ஐயோ" என்றார் பாக் தர்சோனோ, மிக மென்மையாக.

பிறகு தலையைத் திருப்பி, கவலையோடு கேட்டார்:

"இவ்வளவு போதுங்களா டாக்டர்? பத்தலைன்னா இன்னொரு தரம் சொல்றேன். எனக்கு ஒண்ணும் சிரமமில்லைங்க."